அவுட்ஹவுஸில் கட்டில் போட்டால் அது கொட்டகையா, வீடா?

பின்கட்டுக்காரன்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு அவுட்ஹவுஸ் இருக்கிறது. நாங்கள் வாங்கும்போதே இருந்தது, முந்தைய சொந்தக்காரர் மரவேலைப் பட்டறையாக வைத்திருந்தார். உள்ளளவு 7 மீட்டருக்கு 4.5 மீட்டர். ஒரு பக்கச் சுவர் வேலியிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. பையன்கள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள், ஒரே அறையில் தினமும் பஞ்சாயத்து, அதனால் நடுவில் தடுப்பு வைத்து இரண்டு படுக்கையறையாக மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தோம். சமையலறை கிடையாது, மூலையில் சின்னதாக ஒரு கழிப்பறை, அவ்வளவுதான்.

அனுமதி வேண்டாமா என்று கான்ட்ராக்டரிடம் கேட்டேன். "கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது, வெளியே ஒரு செங்கல்கூட மாறவில்லை, உள்ளே என்ன செய்தால் யாருக்கு என்ன" என்றார். நானும் நம்பிவிட்டேன். தடுப்பு வைத்து, ஒயரிங் முடித்து, பூச்சும் முடிந்த பிறகு திட்டமிடல் அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது. துணைக் கட்டடத்தைக் குடியிருப்பாகப் பயன்படுத்துவதாகத் தகவல் வந்திருக்கிறதாம், மூன்று வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டுமாம்.

எந்த நாடு என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. இங்கே பல நாட்டுக்காரர்கள் இருக்கிறீர்கள், அவரவர் இடத்து விதியைச் சொல்லுங்கள். அதன் பின்னால் இருக்கும் கணக்கு பிடிபட்டால் எங்கள் விதிப் புத்தகத்தை நானே படித்துக்கொள்வேன். என் கேள்வி ஒன்றுதான். சுவர் அதே சுவர், கூரை அதே கூரை. கட்டில் உள்ளே போனதும் சட்டத்துக்கு என்ன மாறிவிட்டது?

வேலியோரம்:
ஒன்றும் மாறவில்லை, கடிதம் எழுதியவருக்கு வேலை இல்லை, அதுதான் விஷயம். உங்கள் இடம், உங்கள் சுவர், உங்கள் பிள்ளைகள். ராத்திரி எங்கே படுக்க வேண்டும் என்பதற்கும் முத்திரை வாங்கணுமா? "பட்டறைதான், பையன் சில நாள் அங்கே தூங்கிவிடுகிறான்" என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

ரசமட்டம்:
அந்த இரண்டு வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

நான் இங்கிலாந்தில் வீட்டு விரிவாக்கங்களுக்கு வரைபடம் போடுகிறவன். வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருவார். எல்லாரும் கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறது என்பார்கள். கட்டடத்துக்கு இருக்கலாம், ஆனால் மண்டல விதி (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் விதி) சுவரைப் பார்க்கிறதைவிட அதற்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கிறது. இங்கே 2015 அனுமதிக்கப்பட்ட கட்டுமான ஆணையில் 'கிளாஸ் ஈ' என்று ஒரு பிரிவு. தோட்டத்தில் துணைக் கட்டடம் கட்ட விண்ணப்பமே வேண்டாம் என்று அது சலுகை தருகிறது, ஆனால் எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்குமேல் கட்டடங்கள் மூடக் கூடாது, இப்படிச் சில நிபந்தனைகள். இதையெல்லாம் டேப் வைத்து அளந்துவிடலாம். அளக்க முடியாத நிபந்தனை ஒன்று இருக்கிறது, அதில்தான் எல்லாரும் விழுகிறார்கள்: அந்தக் கட்டடம் வீட்டை அனுபவிப்பதற்கு உபரியான, அதாவது வீட்டு வாழ்க்கைக்குத் துணையாக மட்டும் இருக்கும் ஒரு காரியத்துக்காக இருக்க வேண்டும். பட்டறை, உடற்பயிற்சி அறை, சாமான் போடும் இடம் எல்லாம் உபரி. தூங்குவது உபரி இல்லை, அது வீட்டில் வாழ்வதே. அரசின் விளக்கக் குறிப்பே படுக்கையறை, குளியலறை, சமையலறை இவையெல்லாம் இந்தச் சலுகைக்குள் வராது என்று பெயர் சொல்லிவிடுகிறது.

இப்போது உங்களுக்கு ஆறுதலான பகுதி. மேலே சொன்னது புதிதாகக் கட்டுகிறவருக்கு. பல வருடம் நிஜமாகவே பட்டறையாக இருந்த கட்டடத்தை அதே குடும்பம் கூடுதல் படுக்கையறையாக்கிக்கொள்வது வேறு கதை. 1992இல் அட்டில்ஸ்ஃபோர்டு வழக்கு என்று ஒன்று வந்தது. கார் ஷெட்டை மாற்றி வீட்டின் பெரியவருக்குத் தங்கும் இடமாக்கியிருந்தார்கள். தனியாக வாழத் தேவையான வசதிகள் உள்ளே இருக்கின்றன என்பதற்காக மட்டும் அது தனி வீடாகிவிடாது, ஒரே குடும்பம் ஒரே வீடாக வாழ்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று முடிவானது. ஆக, கட்டில் இருக்கிறதா என்பதோடு கேள்வி நிற்பதில்லை. அந்தக் கட்டில் எந்த வீட்டைச் சேர்ந்தது? சோறு எங்கே, துணி துவைப்பது எங்கே, மின் மீட்டர் யாருடையது, கதவு எண் தனியா, தெருவிலிருந்து தனி வாசல் உண்டா? உங்கள் பதிலில் இதைத்தான் எழுத வேண்டும்.

அலுவலகம் அனுப்பியது இன்னும் கேள்விக் கடிதம்தான், ஆணை இல்லை. கேள்விக்குப் பொய் சொன்னால் அப்புறம் வரும் எல்லாப் பதிலும் பொய்யாகவே படிக்கப்படும். வேலியோரம் சொன்ன இரண்டு வரியை வேண்டாம் என்றது இதனால்தான்.

வேலியோரம்:
சரி ஐயா, பொய் வேண்டாம். ஆனால் சொந்த நிலத்தில் எது உபரி, எது வாழ்க்கை என்று பிரித்துச் சொல்ல இவர்கள் யார்?

மூலைமட்டம்:
நூறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நியாயமான கேள்விதான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1926இல் இதைத்தான் கேட்டார்கள். ஒஹாயோவில் யூக்ளிட் என்று ஒரு சின்ன ஊர் (நில அளவைக்காரர்கள் வடிவியல் மேதையின் பெயரை வைத்த ஊர், பொருத்தம்தான்), அது நிலத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து இங்கே வீடு, அங்கே ஆலை என்று வைத்தது. நிலச் சொந்தக்காரரான கம்பெனி வழக்குப் போட்டது, ஊர் ஜெயித்தது. அமெரிக்காவில் மண்டல விதிகள் அந்தத் தீர்ப்பின்மேல்தான் நிற்கின்றன. உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இல்லாதது மாதிரிப் பேசாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நாலாம்வீடு:
புகார் கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லட்டுமா? பின்கட்டுக்காரர் மேல் புகார் கொடுத்தது நானில்லை, ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மேல் கொடுத்திருக்கிறேன்.

வேலியை ஒட்டிய கட்டடம் சாமான் கிடங்காக இருந்தவரை எங்களுக்கு அது ஒரு சுவர் மட்டும்தான். அதில் ஆள் குடியேறியதும் இரவு பதினொரு மணிக்கு எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே விளக்கு எரிகிறது, போன் பேச்சு, கதவு அறைகிற சத்தம். துணைக் கட்டடம் என்பதால்தான் வேலிக்கு அவ்வளவு அருகில் கட்ட விட்டிருக்கிறார்கள். படுக்கையறை என்று முதலிலேயே கேட்டிருந்தால் அந்த இடத்தில் விட்டிருக்க மாட்டார்கள். ஒன்றைச் சொல்லி இடம் வாங்கிக்கொண்டு இன்னொன்றை அதில் வைத்தால் கேட்கத்தான் செய்வோம். இரண்டு வருடம் கழித்து அதை வாடகைக்கும் விட்டார்கள் என்பது தனிக் கதை.

பின்கட்டுக்காரன்:
நியாயம். வாடகைக்கு விடும் எண்ணம் சத்தியமாக இல்லை. எங்கள் ஜன்னல்கள் வேலிப் பக்கம்தான் பார்க்கின்றன, அதை நான் இதுவரை யோசிக்கவே இல்லை.

தூக்குக்குண்டு:
நான் அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்களுக்காகக் கட்டடத்தைச் சோதித்துத் தரும் வேலையில் இருக்கிறேன். மண்டல விதியைப் பற்றி ரசமட்டம் நன்றாகச் சொன்னார். ஆனால் அது முதல் மேசை மட்டும்தான், பக்கத்திலேயே கட்டடப் பாதுகாப்பு விதி என்று இரண்டாவது மேசை இருக்கிறது, ஒன்றில் பாஸ் ஆனால் இன்னொன்றில் பாஸ் என்று அர்த்தமில்லை. என்னைக் கேட்டால் முதல் மேசையோடு சண்டை போடலாம், இரண்டாவதோடு போடக் கூடாது. ஏனென்றால் அது தூங்குகிறவனைப் பற்றியது. விழித்திருப்பவனுக்குப் புகை நாற்றம் தெரியும், கதவைப் பார்த்து ஓடுவான். தூங்குகிறவனுக்குக் கதவுப் பக்கம் தீ வந்த பிறகுதான் தெரியும், அப்போது அவனுக்கு ஜன்னல் ஒன்றுதான் வழி.

அதனால்தான் படுக்கையறை ஜன்னலுக்குத் தனி அளவு. இங்கே பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாக வைத்திருக்கும் ஐஆர்சி (வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு) விதிப்படி முழுக்கத் திறந்தால் 5.7 சதுர அடி வெளி கிடைக்க வேண்டும், தரைமட்ட அறைக்கு 5 போதும். உயரம் குறைந்தது 24 அங்குலம், அகலம் 20. இரண்டையும் குறைந்தபட்சத்தில் வைத்தால் பரப்பு வராது, அதை மறந்துவிட்டு ஜன்னல் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வெளிக்குத் திறக்கும் பகுதியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது சுமார் 1.12 மீட்டர். கண்ணாடியின் அளவு கணக்கில்லை, ஆள் நுழையும் இடைவெளிதான் கணக்கு. சாவி போட்டுத் திறக்கும் கிரில் மாட்டியிருந்தால் ஜன்னலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வர வேண்டும்.

அறையின் பரப்பு குறைந்தது 70 சதுர அடி, எந்தப் பக்கமும் 7 அடிக்குக் குறையாமல், கூரை உயரம் 7 அடி. ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒரு புகை அலாரம், அதற்கு வெளியேயும் ஒன்று. பாதிக் கட்டடத்தைக் கார் ஷெட்டாகவே வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: கார் நிற்கும் இடத்திலிருந்து நேராகப் படுக்கையறைக்குள் கதவு வைக்க இந்த விதி அனுமதிப்பதே இல்லை.

முக்கியமானது, உங்கள் 1.2 மீட்டர். தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லாத கட்டடத்தில் எல்லையிலிருந்து 5 அடிக்குள் இருக்கும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும், 3 முதல் 5 அடிக்குள் இருந்தால் அந்தச் சுவரில் கால்பங்குக்கு மேல் திறப்பு வைக்க முடியாது. உங்களுடையது ஏறக்குறைய 4 அடி. வேலிப் பக்கம் ஜன்னலைப் பெரிதாக்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ரசமட்டம்:
இங்கே தப்பிக்கும் ஜன்னலுக்கு 0.33 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.1 மீட்டருக்குள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கீழ்விளிம்பு உயரம் கிட்டத்தட்ட ஒன்றே, பாருங்கள். மனிதனின் இடுப்பு எங்கும் ஒரே உயரத்தில்தானே இருக்கிறது.

இன்னொன்று. 15 சதுர மீட்டருக்குள் உள்ள தனிக்கொட்டகைக்கு இங்கே கட்டட விதியே கிடையாது, 30 வரைக்கும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இரண்டிலும் 'தூங்கும் இடம் இருக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறது. கட்டில் போனால் விலக்கும் போகும்.

பின்கட்டுக்காரன்:
இப்போதுதான் டேப்போடு போய் அளந்துவிட்டு வந்தேன். ஜன்னல் கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.35 மீட்டர். இவ்வளவு உயரத்தில் ஏன் வைத்தார்கள் என்று முதலில் புரியவில்லை. சுவரில் பழைய பிராக்கெட் தடங்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, அதன் கீழே நீளமாக ஒரு வேலை மேசை இருந்திருக்கிறது. பட்டறைக்காக வைத்த ஜன்னல். என் சின்னவன் எகிறிப் பிடித்தாலும் ஏற முடியாது.

கூரை சாய்வு. உயரமான பக்கம் 2.6 மீட்டர், வேலிப் பக்கம் 2.1.

மூலைமட்டம்:
இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன்படி என்றால் அந்த உயரத்திலேயே வேலை முடிந்தது. குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் கேட்கும், ஏசி போட்ட அறை என்றால் 2.4 வரை இறங்கும். பரப்பு ஒரே அறை என்றால் 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு அறை இருந்தால் ஒன்று 9.5, மற்றது 7.5 வரை இறங்கலாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதியில் ஜன்னல் முதலான திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு, வறண்ட வெப்பப் பகுதியில் பத்தில் ஒன்று. உயரம் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்பதற்குக் கோடையில் ஷீட் கூரைக்குக் கீழே ஒரு மதியம் படுத்துப் பார்த்தவனுக்கு விளக்கம் தேவைப்படாது.

உள்ளூர் விதி இதிலிருந்து மாறும், ஆனால் அடித்தளம் இதுதான்.

தூக்குக்குண்டு:
ஐஆர்சியில் சாய்கூரைக்குக் கொஞ்சம் தாராளம். குறைந்தபட்ச அறைப்பரப்பில் பாதியாவது 7 அடி உயரத்தில் இருந்தால் போதும், 5 அடிக்குக் கீழே இறங்கும் பகுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்தக் கணக்கில் உங்கள் கூரை தேறிவிடும், ஜன்னல்தான் தேறாது.

மூன்றாம்குழி:
பேச்சு எல்லாம் தரைக்கு மேலேயே போகிறது, நான் தரைக்குக் கீழே கொஞ்சம் இழுக்கிறேன். உங்கள் வீட்டுக் கழிவு பொதுச் சாக்கடைக்குப் போகிறதா, செப்டிக் டேங்க்குக்கா? டேங்க் என்றால் அடுத்த கடிதம் இன்னொரு அலுவலகத்திலிருந்து வரும்.

எனக்கு வந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் செப்டிக் அமைப்பின் கொள்ளளவைப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. மாசசூசெட்ஸில் ஒரு படுக்கையறைக்கு ஒரு நாளைக்கு 110 கேலன் என்று கணக்கு. நான் மூன்று படுக்கையறைக்குப் போட்ட டேங்கை வைத்துக்கொண்டு தோட்டத்துக் கட்டடத்தில் நாலாவதைப் போட்டேன். வீட்டில் ஆள் எண்ணிக்கை கூடவே இல்லை, மகள் உள்ளே இருந்து வெளியே மாறினாள், அவ்வளவுதான். "ஆள் அதே ஆள்தானே" என்று வாதாடிப் பார்த்தேன். "நீங்கள் விற்றுவிட்டுப் போனதும் வருகிறவர் நாலு அறையிலும் ஆள் வைப்பார், டேங்க்குக்கு உங்கள் மகளைத் தெரியாது" என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி. பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் பழைய படுக்கையறை ஒன்றின் கதவையும் சட்டத்தையும் எடுத்து அகலமான வளைவாக்கி, அது இனிப் படிக்கும் அறை என்று எழுதிக் கொடுத்து எண்ணிக்கையை மூன்றிலேயே நிறுத்தினேன். சுவரை உடைத்தது தோட்டத்தில் இல்லை, வீட்டுக்குள்.

வேலியோரம்:
இதைத்தான் நான் சொல்கிறேன், படுக்கையறை என்ற சொல்லே எழுதக் கூடாது. 'படிக்கும் அறை', 'பயன்பாட்டு அறை' என்று போட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நாலு வருடம் ஓட்டிவிட்டால் அப்புறம் கேட்க முடியாது என்று இங்கிலாந்தில் ஒரு விதியே இருக்கிறதே, ரசமட்டம் அதைச் சொல்லவில்லை பாருங்கள்.

ரசமட்டம்:
இருந்தது. 2024 ஏப்ரல் 25இலிருந்து இங்கிலாந்தில் அது பத்து வருடம், அதற்கு முன்பே முடித்தவர்களுக்கு மட்டும் பழைய கணக்கு. ஒளித்துவைத்தவர்களுக்குப் பழைய நாலு வருடமும் உதவவில்லை. சர்ரேயில் ஒரு விவசாயி கோட்டை மாதிரி வீடு கட்டி அதைச் சுற்றி வைக்கோல் போர் அடுக்கி மறைத்து உள்ளேயே குடும்பம் நடத்தினார். நாலு வருடம் ஆனதும் 2006இல் வைக்கோலை எடுத்தார். வருடக்கணக்கில் வழக்கு நடந்தது, 2016இல் இடிக்கப்பட்டது. இன்னொருவர் களஞ்சியம் என்று அனுமதி வாங்கி உள்ளே முழு வீடு கட்டிக்கொண்டார், அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2011இல் அவருக்கு எதிராக முடிந்தது. திட்டமிட்டு ஏமாற்றியவர் காலக்கெடுவின் பின்னால் ஒளிய முடியாது என்றார்கள்.

பெயரை மாற்றி எழுதுவதில் இன்னொரு ஓட்டை. 'படிக்கும் அறை' என்று எழுதிக்கொடுத்த அறையில் தீப்பிடித்து, அங்கே இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தால், காப்பீட்டுக் கம்பெனி உங்கள் கையெழுத்தைத்தான் உங்களிடம் நீட்டும்.

மூன்றாம்குழி:
வேலியோரம், என் கதையைத் தப்பாகப் பிடித்துவிட்டீர்கள். அந்த அறையில் இன்று வரை யாரும் தூங்குவதில்லை, கதவு இல்லாத அறையில் என் மாமியார்கூடத் தூங்க மாட்டேன் என்றுவிட்டார்.

தென்கோடி:
நியூசிலாந்திலிருந்து. இங்கே கணக்கு தலைகீழ். சின்னத் தனிக்கட்டடத்தில் தூங்குவதற்குத் தடை இல்லை, 'ஸ்லீப்அவுட்' என்று அதற்குப் பெயரே உண்டு. 10 சதுர மீட்டர் வரை கட்டட அனுமதி இல்லாமலே கட்டலாம், 2020இல் சில வகைகளுக்கு 30 வரை உயர்த்தினார்கள். நிபந்தனை: பக்கத்தில் இருக்கும் வீட்டோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும், உள்ளே அடுப்பும் கூடாது, கழிப்பறையும் கூடாது. ராத்திரி எழுந்தால் வீட்டுக்குள் நடந்து வர வேண்டும். அந்த நடைதான் அதை வீட்டோடு கட்டிவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பின்கட்டுக்காரருடைய மூலைக் கழிப்பறை இங்கே இருந்தால் கட்டிலைவிட அதற்குத்தான் முதலில் கேள்வி வரும்.

தூக்குக்குண்டு:
அமெரிக்காவில் அடுப்புதான் அந்தக் கோடு. ஐஆர்சி வரையறையில் தங்க, தூங்க, சாப்பிட, சமைக்க, கழிப்பறை செல்ல நிரந்தர ஏற்பாடு எல்லாம் சேர்ந்தால்தான் அது தனி வீடு. அடுப்பு இல்லை என்றால் பெரும்பாலும் துணைக் கட்டடம்தான், ஆனால் ஆள் தூங்கும் துணைக் கட்டடம். முழு வீடாக்கிவிடுவதே சுலபம் என்றாகிவிட்ட இடமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2020இலிருந்து, ஏற்கெனவே இருக்கும் கார் ஷெட்டையோ துணைக் கட்டடத்தையோ அதே அளவில் தனிக் குடியிருப்பாக மாற்றினால் எல்லையிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று ஊராட்சி கேட்க முடியாது. புதிதாகக் கட்டினால் 4 அடி கேட்கலாம். பாதுகாப்பு விதி மட்டும் இரண்டுக்கும் உண்டு, அதில் சலுகை இல்லை.

பின்கட்டுக்காரன்:
பத்து நாள் கழித்து வருகிறேன். எங்கள் விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே 'துணைக் கட்டடம்' என்பதற்கு வரையறை முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது, நான்தான் அளவுகள் இருக்கும் பக்கத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தேன்.

கடிதம் எழுதியவரை நேரில் பார்த்தேன். நல்ல மனுஷர்தான். பட்டறையாக இருந்ததையும், இப்போது பையன்கள் தூங்குவதற்காக மாற்றுவதையும், சமையல், சாப்பாடு, துணி எல்லாம் பெரிய வீட்டில்தான் என்பதையும், மீட்டர் ஒன்று, வாசல் ஒன்று என்பதையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். தனி வீடாகப் பார்க்கவில்லை, ஆனால் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், வாடகைக்கு விடுவதில்லை, வீட்டிலிருந்து பிரித்து விற்பதில்லை என்று பத்திரத்தோடு ஒரு உறுதிமொழி பதிய வேண்டும் என்றார். கட்டட விதி மேசை பக்கத்து அறை. அங்கே பட்டென்று ஜன்னல் உயரத்தைத்தான் முதலில் கேட்டார்கள்!

இரண்டு அறை ஒன்றாகிவிட்டது. தோட்டத்துப் பக்கம் இருந்த பழைய இரட்டைக் கதவின் இடத்தில் ஒரு கதவும், தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் பெரிய ஜன்னலும் வருகிறது, அந்த அறையில் பெரியவன். வேலிப் பக்கத்தில் ஜன்னலை அப்படியே விட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் சைக்கிள், சாமான். பூசிய தடுப்பில் பாதியை இடிக்க வேண்டியிருக்கிறது. கான்ட்ராக்டர் அதற்குத் தனியாகக் கூலி கேட்கிறார், அதற்கு இன்னொரு இழை திறக்கிறேன்.

நாலாம்வீடு:
வேலிப் பக்கம் இருட்டாகவே இருக்கும் என்றால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் அதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் போட்டதும் எப்படியும் அவருக்கு அறிவிப்புப் போகும். உங்கள் வாயால் முதலில் கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

பின்கட்டுக்காரன்:
சொல்லிவிட்டேன். புகார் அவர் கொடுத்ததில்லையாம். யார் என்று இன்னும் தெரியவில்லை, இனிமேல் தேடவும் போவதில்லை.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். அங்கே அலாரம் அடித்தால் 18 மீட்டர் தள்ளி இருக்கும் எங்களுக்குக் கேட்குமா? ராத்திரி கதவை மூடிவிட்டு நின்று பார்த்தேன், கேட்கவில்லை.

தூக்குக்குண்டு:
ஒயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசும் அலாரங்கள் வருகின்றன, அங்கே அடித்தால் உங்கள் கட்டிலுக்கு மேலேயும் அடிக்கும். அட்டையில் போட்டிருக்கும் தூரம் திறந்தவெளிக்கானது, நடுவில் இரண்டு சுவர் வந்தால் குறையும். வாங்கியதும் பெரியவனை அங்கே டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் எல்லாக் கதவையும் மூடிப் படுத்துப் பாருங்கள். ஒயரிங்காரர் இன்னும் வந்து போகிறார் என்றால் ஒரு குழாயைத் தரைக்குள் போட்டு வைக்கச் சொல்லுங்கள், ரேடியோ எட்டவில்லை என்றால் கம்பி இழுத்துக்கொள்ளலாம்.

பின்கட்டுக்காரன்:
குழாய்க்குப் பள்ளம் நாளைக்கே தோண்டச் சொல்கிறேன். பட்டனைச் சின்னவன் அழுத்துவான், பெரியவன் இப்போதே அந்தப் பக்கம் கால் வைக்க விடுவதில்லை.